கொரிந்துக்கு வந்த கடிதங்கள்

அன்புள்ள எஸ்தருக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது, பொடி எழுத்துப் பைபிளையே வாசிக்கிறேன். உன் பேத்திக்குப் பல் முளைத்த சேதி படித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே மழை பரவாயில்லை, குளம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. கோவில் அசன விருந்துக்கு அரிசி பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாடகர் குழுவில் நம்மோடு ஆல்ட்டோ பாடிய அக்கா போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையானார்கள். அடக்க ஆராதனைக்குக் கோவில் கொள்ளாத கூட்டம்.

சரி, நீ எழுதியிருந்த அந்த விஷயத்துக்கு வருகிறேன். படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. வேதபாடம் எடுக்க நீ எழுந்ததும், சபைப் பெரியவர் ஒருவர் 1 கொரிந்தியர் 14:34-ஐ வாசித்து, "சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்று வேதமே சொல்லிவிட்டது, அதற்கு மேல் பேச்சில்லை" என்று உன்னை உட்கார வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவள் நீ. எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை அதிகம் தொட்டது. "பவுல் அப்படித்தானே எழுதியிருக்கிறார், நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்டிருந்தாய். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன். பொறுமையாகப் படி.

முதலில், 1 கொரிந்தியர் என்பது அப்போஸ்தலனாகிய பவுல் கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதின ஒரு கடிதம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வாசிக்கும்போது எல்லாரும் மறந்துவிடுகிறோம். போன தடவை நான் உனக்கு, "அந்த வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, இனி யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தேன். உனக்கு உடனே புரிந்திருக்கும். நூறு வருஷம் கழித்து யாராவது அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு, நான் எல்லாரையும் வாயை மூடச் சொன்னதாகப் பிரசங்கம் பண்ணினால் எப்படி இருக்கும்!

பவுல் 1 கொரிந்தியரை எபேசுவில் இருந்துகொண்டு எழுதுகிறார், ஏறக்குறைய கி.பி. 54-ல். அதற்கு முன்பே அவர் கொரிந்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். 5-ஆம் அதிகாரத்தில் அவரே அதைச் சொல்கிறார், ஆனால் அது நம் கைக்கு வரவில்லை. கொரிந்தியரும் அவருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தார்கள். "நீங்கள் எழுதின காரியங்களைக்குறித்து" என்றுதான் 7-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அந்தக் கடிதமும் போய்விட்டது. சபையில் சண்டை என்ற சேதி குலோவேயாளின் வீட்டார் மூலம் அவருக்குத் தெரிகிறது. ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து வந்த தகவலை வைத்துத்தான் பவுல் முதல் நாலு அதிகாரங்களையும் எழுதினார் என்பதை அந்தப் பெரியவருக்கு யாராவது ஞாபகப்படுத்தலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று முதல் அதிகாரத்தில் இருக்கிறது. உங்களில் கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர வேறு ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று அழுத்தமாகச் சொல்கிறார். உடனே ஞாபகம் வந்து, ஸ்தேவானுடைய வீட்டாருக்கும் கொடுத்தேன் என்கிறார். அதற்கப்புறம், வேறு யாருக்காவது கொடுத்தேனோ தெரியாது என்று சேர்த்துக்கொள்கிறார். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்க, இவர் நடந்துகொண்டே சொல்வது போல இருக்கிறது. இந்தக் கடிதத்தின் கடைசியிலும், வாழ்த்துதலைத் தன் கையாலேயே எழுதுவதாக ஒரு வரி வருகிறது. அப்படியானால் மற்றதை எழுதியது வேறொரு கை. பவுல் சொல்லச் சொல்ல ரோமர் நிருபத்தை, அதாவது ரோமாபுரிச் சபைக்கான கடிதத்தை, எழுதிய தெர்தியு தன் பெயரையே சொல்லி வாழ்த்துகிறார். பவுல் திருத்திக்கொண்டே பேசுகிறார், நினைவைத் தேடுகிறார். இதை அப்படியே நமக்காக வைத்திருக்கிறார்களே என்று நான் பலமுறை ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

இனி 14-ஆம் அதிகாரத்துக்கு வா. கொரிந்து சபையில் கூடிவரும்போது ஒரே நேரத்தில் பலர் பேசுகிறார்கள், ஆவியின் ஏவுதலால் மற்றவர்களுக்குப் புரியாத அந்நிய பாஷை பேசுகிறார்கள், ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழவில்லை. அதைச் சரிசெய்யத்தான் பவுல் எழுதுகிறார். இந்த ஒரே அதிகாரத்தில் மூன்று பேரைப் பேசாமலிருக்கச் சொல்கிறார். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்நிய பாஷைக்காரர் பேசாமலிருக்க வேண்டும். ஒருவர் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்திருக்கிற மற்றொருவருக்கு ஏதாவது வெளிப்பட்டால், முதலில் பேசினவர் பேசாமலிருக்க வேண்டும். மூன்றாவதாகத்தான் பெண்கள் வருகிறார்கள். முதல் இரண்டும் ஆண்களுக்கும் பொருந்தும். அதை எடுத்துக் காட்டி ஒரு பிரசங்கியாரை யாராவது பாதியில் உட்கார வைத்து நீ பார்த்திருக்கிறாயா? மூன்றாவது மட்டும் எப்படிச் சகல காலத்துக்கும் சட்டமானது?

அதோடு, 11-ஆம் அதிகாரத்தில் இதே பவுல், பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடியிருக்க வேண்டும் என்கிறார். தலைமுக்காட்டைப் பற்றி நாம் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். ஆனால் அங்கே அவர் பேசுகிற பெண்கள் வாயைத் திறந்து பேசுகிறவர்கள், அதுவும் சபைக்கு நடுவில். ஒரே கடிதத்தில் மூன்றே அதிகார இடைவெளி. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொள்வது பவுலுக்கும் நியாயம் செய்யாது.

இன்னொன்றும் உண்டு. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 34, 35-ஆம் வசனங்கள் இந்த இடத்தில் இல்லாமல், 40-க்குப் பிறகு அதிகாரத்தின் முடிவில் இருக்கின்றன. இதை வைத்து, அவை யாரோ ஓரத்தில் எழுதி வைத்து பின்னால் உள்ளே வந்தவை என்று சில வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, எந்தப் பிரதியிலும் அவை முழுக்க விடுபடவில்லையே என்கிறார்கள். நான் இந்த வாதத்தின் மேல் முழுப் பாரத்தையும் வைக்கமாட்டேன். அந்த வசனங்களைப் பவுலே எழுதினார் என்று வைத்துக்கொண்டாலும் முழுக் கடிதம் நமக்குப் போதுமான பதில் தருகிறது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் மகன் அப்போஸ்தலருக்குப் பிந்தின காலத்துக் கடிதங்களின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கித் தந்தான். ஆபரேஷனுக்கு முன்னால் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். பவுலின் கடிதத்தை அது வந்து சேர்ந்த அதே கொரிந்து சபை அடுத்த தலைமுறையில் எப்படி வாசிக்க வேண்டும் என்று, ரோமாபுரியிலிருந்து அவர்களுக்கு வந்த இன்னொரு கடிதம் சொல்லிக்கொடுக்கிறது! ரோமாபுரிச் சபைத் தலைவராக இருந்த கிலேமெந்துவின் பெயரால், கிலேமெந்துவின் முதல் நிருபம் என்று அதைச் சொல்கிறோம். கடிதத்துக்குள் கிலேமெந்து என்ற பெயரே இல்லை. ரோமாபுரியில் பரதேசிகளாக வாசம்பண்ணுகிற தேவனுடைய சபை, கொரிந்துவில் பரதேசிகளாக வாசம்பண்ணுகிற தேவனுடைய சபைக்கு எழுதுவது என்றுதான் தொடங்குகிறது. கி.பி. 96-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பரவலான கணிப்பு. கொரிந்துவில் சிலர் எழும்பி, குற்றமில்லாமல் ஊழியம் செய்துவந்த மூப்பர்களைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்காக ரோம சபை 65 அதிகாரங்கள் எழுதி, சிறு வயது முதல் முதிர்வயது வரை தங்கள் நடுவில் மாசில்லாமல் வாழ்ந்த ஆட்களிடம் கொடுத்து அனுப்புகிறது.

47-ஆம் அதிகாரத்தில், பாக்கியவானாகிய பவுலின் நிருபத்தைக் கையில் எடுங்கள் என்கிறார்கள். சுவிசேஷத்தின் ஆரம்பத்தில் அவர் உங்களுக்கு முதலாவது என்ன எழுதினார்? தன்னைப் பற்றியும் கேபா என்கிற பேதுருவைப் பற்றியும் அப்பொல்லோவைப் பற்றியும் எழுதினார், அப்போதே நீங்கள் கட்சி பிரிந்திருந்தீர்கள் என்கிறார்கள். அதற்கு அடுத்ததாக வருவதுதான் என்னைப் புத்தகத்தை மூடிவிட்டு யோசிக்க வைத்தது. அந்தக் கட்சி பிரிவினையில் உங்களுக்குப் பாவம் குறைவு, ஏனென்றால் அப்போது நீங்கள் சார்ந்துகொண்டது பேர்பெற்ற அப்போஸ்தலரையும் அவர்கள் அங்கீகரித்த ஒருவரையும். இப்போது உங்களைப் புரட்டிப்போட்டிருக்கிறவர்கள் யார் என்று பாருங்கள் என்கிறார்கள்.

கவனித்தாயா எஸ்தர்? பவுல் எழுதி நாற்பது வருஷம்தான் ஆகியிருக்கிறது. அவர்கள் அந்தக் கடிதத்தை அதிகாரமுள்ளதாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வரியைப் பிய்த்து எடுத்து, இதோ சட்டம் என்று வீசவில்லை. அன்றைக்கு உங்களுக்கு என்ன நடந்தது, அதற்குப் பவுல் என்ன சொன்னார், இன்றைக்கு நடப்பது அதைப் போன்றதா, அதைவிட மோசமா என்று நிறுத்திப் பார்க்கிறார்கள். அதன் பிறகு 49-ஆம் அதிகாரத்தில் அன்பைப் பற்றி எழுதும்போது, பவுலின் 13-ஆம் அதிகாரத்தை உள்ளத்தில் வைத்துக்கொண்டு தங்கள் சொந்த வார்த்தைகளில் பாடுகிறார்கள். வேதத்தை வாசிக்கிறதென்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நிருபத்தில் உனக்குப் பிடிக்கிற வேறு சங்கதிகளும் இருக்கின்றன. 12-ஆம் அதிகாரத்தில், எரிகோவில் இஸ்ரவேலின் ஒற்றரை ஒளித்து வைத்த ராகாபின் கதை வருகிறது. ஜன்னலில் கட்டின சிவப்பு நூலைக் கர்த்தருடைய இரத்தத்துக்கு அடையாளமாகச் சொல்லிவிட்டு, இந்தப் பெண்ணுக்குள் விசுவாசம் மட்டுமல்ல, தீர்க்கதரிசனமும் இருந்தது பாருங்கள் என்கிறார்கள். 55-ஆம் அதிகாரத்தில், தேவ கிருபையினால் பலமடைந்து அநேகப் பெண்கள் வீரச் செயல்களைச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி யூதித்தையும், உன் பெயர்க்காரி எஸ்தரையும் எடுத்துக்காட்டுகிறார்கள். தன் ஜனத்துக்காக ஆபத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவள் என்று! ஒளிக்காமல் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே நிருபத்தின் 21-ஆம் அதிகாரம், மனைவிகள் தங்கள் நாவின் சாந்தத்தை மவுனத்தால் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் காலத்து ரோம வீட்டு ஒழுங்கு அப்படி. அவர்களும் அவர்கள் காலத்துப் பிள்ளைகள்தான். ஆனால் அதே கையால் ராகாபுக்குத் தீர்க்கதரிசன வரம் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கொரிந்தியர் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. ஏறக்குறைய 170-ல் கொரிந்துவின் பிஷப்பாக இருந்த தியொனீசியு ரோமாபுரிக்கு எழுதும்போது, கிலேமெந்து மூலம் நீங்கள் அனுப்பின நிருபத்தைக் கர்த்தருடைய நாளில் இன்னும் வாசிக்கிறோம் என்கிறார். யூசேபியு தன் சபைச் சரித்திரத்தில் இதைக் காத்து வைத்திருக்கிறார். தங்களைக் கண்டித்து வந்த கடிதத்தை எழுபது வருஷத்துக்கு மேலாக ஆராதனையில் வாசிக்கிற சபையை நினைத்துப் பார்.

அடுத்து பர்னபாவின் பெயரில் ஒரு நிருபம் இருக்கிறது. எழுதியது பவுலோடு ஊழியம் செய்த உண்மையான பர்னபா இல்லை. எருசலேம் ஆலயம் இடிந்ததைச் சொல்வதால் 70-க்குப் பிற்பட்டது. இதை வாசிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பன்றி மாம்சம் சாப்பிடக்கூடாது என்று மோசே சொன்னதற்கு, பன்றியைப் போன்ற மனுஷரோடு சேராதே என்பதுதான் பொருளாம். வயிறு நிறைந்தால் எஜமானை மறந்துவிடும், பசித்தால் கத்தும், அப்படிப்பட்டவர்கள். இதில் ஒரு புத்திமதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்தது பார். ஆபிரகாம் தன் வீட்டில் 318 பேருக்கு விருத்தசேதனம் (சுன்னத்து) செய்ததாக எடுத்துக்கொள்கிறார். கிரேக்கத்தில் எழுத்துகளையே எண்ணாகவும் எழுதுவார்கள். 18 என்ற எண்ணுக்கு உரிய இரண்டு எழுத்துகள் இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். 300-க்கு உரிய எழுத்து சிலுவை வடிவம். ஆகையால் ஆபிரகாம் அன்றைக்கே இயேசுவையும் சிலுவையையும் கண்டார் என்கிறார். இதைவிட மெய்யான போதனையை என்னிடம் யாரும் கற்றதில்லை என்று பெருமையும்பட்டுக்கொள்கிறார். ஆதியாகமம் எபிரெயத்தில் எழுதப்பட்டது. அங்கே அந்த எழுத்துகளுக்கு வேலையே இல்லை.

எண்ணைப் பிரித்து விளையாடுவதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு வருத்தப்படமாட்டேன். பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை மோசே உடைத்த அன்றைக்கே யூதர்கள் உடன்படிக்கையை இழந்துவிட்டார்கள் என்றும், அவர்கள் விருத்தசேதனத்தைச் சரீரத்தில் செய்யவேண்டியதாக எடுத்துக்கொண்டது ஒரு பொல்லாத தூதன் அவர்களுக்குப் போதித்ததால் என்றும் எழுதுகிறார். யாருடைய வேதத்தை வாசிக்கிறாரோ அவர்களையே அந்த வேதத்துக்கு வெளியே தள்ளுகிறார். பிற்காலத்தில் கிறிஸ்தவ நாடுகளில் யூதர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்படிப்பட்ட வாசிப்பு எனக்குப் பயமாக இருக்கிறது. பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது ஆபிரகாம் வீட்டு ஆகாரையும் சாராளையும் ஞான அர்த்தமாக, அதாவது உருவகமாக, எடுத்துக்கொண்டார், அதனால் ஞான அர்த்தம் காண்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே பவுல் ரோமர் 11-ல், ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளையே, அந்தக் கிளைகளுக்கு, அதாவது யூதருக்கு, விரோதமாகப் பெருமைபாராட்டாதே என்று யூதரல்லாத புறஜாதியாரை எச்சரிக்கிறார். பர்னபா நிருபத்தில் அந்த எச்சரிக்கையின் நிழல்கூட இல்லை.

உன்னை உட்கார வைத்த வாசிப்பும் இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். எழுதினவருக்கும் பெற்றுக்கொண்டவர்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டால் அதை யார் மேல் வேண்டுமானாலும் வீசலாம். பவுலின் கடிதங்களுக்கு இந்தக் கதி ரொம்பச் சீக்கிரமே வந்திருக்கிறது. 2 பேதுரு 3-ஆம் அதிகாரமே, அவருடைய நிருபங்களில் அறிகிறதற்கு அரிதானவை சில உண்டு, கல்லாதவர்களும் உறுதியில்லாதவர்களும் மற்ற வேதவாக்கியங்களைப் புரட்டுகிறதுபோல இவைகளையும் புரட்டுகிறார்கள் என்கிறது.

இக்னேஷியஸைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தியோகியாவின் பிஷப். பத்துப் போர்ச்சேவகர் காவலில் ரோமாபுரிக்குச் சாகக் கொண்டுபோகப்பட்ட வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். பிலதெல்பியாவில் சிலர் அவரிடம், பழைய ஏடுகளில் காணாவிட்டால் சுவிசேஷத்தில் இருப்பதை நம்பமாட்டோம் என்றார்கள். எழுதியிருக்கிறது என்றார் இவர். அதுதானே கேள்வி என்றார்கள் அவர்கள். அதற்கு இவர், எனக்கு ஏடுகள் இயேசு கிறிஸ்துவே, அவருடைய சிலுவையும் மரணமும் உயிர்த்தெழுதலுமே என்று முடித்துவிட்டார். வாதத்தில் ஜெயித்தாரா என்று தெரியவில்லை. ஆனால் எந்த வசனத்தையும் இயேசுவின் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற முறை எனக்குச் சரியாகப் படுகிறது.

பர்னபாவின் நிருபம் சினாய் பிரதி என்னும் நாலாம் நூற்றாண்டு வேதாகமக் கையெழுத்துப் பிரதியில் வெளிப்படுத்தலுக்குப் பின்னால் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. வேதாகமத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது! நம் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அலெக்சந்திரியாவின் பிஷப் அத்தனாசியு 367-ல் தன் பண்டிகைக் கடிதத்தில் வரிசைப்படுத்தினார். அந்தப் பட்டியலும் ஒரு கடிதத்தில்தான் வந்தது. அதில் எஸ்தரின் புத்தகத்தை அவர் பழைய ஏற்பாட்டுக் கணக்கில் சேர்க்காமல், புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வாசிக்கத் தக்கவைகளில் வைத்துவிட்டார். நீ கோபித்துக்கொள்ளாதே, சபை பின்னால் உன் பெயர்க்காரியை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது நீ செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அந்தப் பெரியவரோடு வசனத்துக்கு வசனம் வாதாடாதே. தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபத்தின் முடிவில், இந்த நிருபம் சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்படவேண்டும் என்று பவுல் ஆணையிட்டுச் சொல்கிறார். அதைப் பிடித்துக்கொள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு சாயங்காலம் 1 கொரிந்தியர் 16 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும். விளக்கம் வேண்டாம், நடுவில் பாட்டும் வேண்டாம். ஆண்களையும் கூப்பிடு, அந்தப் பெரியவரை மரியாதையாக நேரில் போய்க் கூப்பிடு. குலோவேயாளின் வீட்டார் முதல், கடைசியில் வாழ்த்துகிற ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வரை எல்லாரும் அவர் காதில் விழட்டும். கடிதம் முழுவதையும் கேட்ட பிறகு மனுஷர் வேறு மாதிரி பேசுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

சபைப் போதகரான ஐயரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவர் தடை சொல்லமாட்டார். கணீரென்று வாசிக்கிற நாலைந்து பேரைப் பார்த்து அதிகாரங்களைப் பிரித்துக்கொடு. 11-ஐயும் 14-ஐயும் நீயே வாசி. கிலேமெந்து நிருபத்தில் நான் சொன்ன பகுதிகளைத் தமிழில் எழுதி அடுத்த வாரம் தபாலில் போடுகிறேன், கூட்டத்துக்கு முன் கிடைத்துவிடும். எப்படி நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் அன்புள்ள,
ரூத்